அரைப் பாட்டோடு ஓடிவந்த நண்பன்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே, கனடாவிலிருந்து கடல் கடந்து வந்து என் வலப்பக்கம் வீற்றிருக்கும் பிரதம விருந்தினர் அருட்செல்வன் அவர்களே, உரும்பிராயின் பெரியோரே, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

சைவ ஊரில் புத்தரின் சீடரைப் பற்றி என்ன பேச்சு என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, ‘அரகந்தர் கண்ட விடுதலை’ என்பது வாசிகசாலை தந்த தலைப்பு. செயலாளரிடம் கேளுங்கள், எனக்கும் அறிய ஆவல்தான்.

உபதிஸ்ஸன், கோலிதன் என்று இரு நண்பர்கள். விடுதலை தேடி வீடு துறந்தவர்கள். முதலில் காண்பவன் மற்றவனுக்குச் சொல்லவேண்டும் என்பது அவர்களின் வாக்கு. ஒருநாள் புத்தரின் சீடர் ஒருவர் சொன்ன பாட்டில் பாதியைக் கேட்டதுமே உபதிஸ்ஸன் தெளிந்தான். தெளிந்தவன் என்ன செய்தான்? மரநிழல் தேடி அமர்ந்தானா? மன்னனைத் தேடி மாலை கேட்டானா? இல்லை. கோலிதனைத் தேடி ஓடினான். பின்னாளில் அந்த இருவரும் சாரிபுத்தர், மொகல்லானர் என்று உலகு தொழும், பற்றெல்லாம் அறுத்த அரகந்தர் ஆனது அந்த ஓட்டத்தால்தான்.

இதே வாக்கை, ஷெல் விழுந்த காலத்தில், இதே ஊர்ப் பதுங்குகுழிக்குள் இருவர் கொடுத்தார்கள். முதலில் வெளிநாடு போகிறவன் மற்றவனுக்கு வழி சொல்லவேண்டும். போனவர் என் வலப்பக்கம் இருக்கிறார். மற்றவர் என் கணவர் நமசிவாயம். பேச்சுக் கேட்காத இடமாகப் பார்த்து ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கிறார். போனவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. தொலைபேசி மணி அடித்தால் என் கணவர் குளிப்பதை விட்டுச் சவர்க்காரத்தோடு ஓடிவருவார். அழைத்தது பெரும்பாலும் என் தாயார்.

“இஞ்சருமப்பா, உந்தக் கதையை விடும்” என்கிறார் என் கணவர். அங்கேயும் கேட்கிறது போலும்.

அரகந்தராகும் பாதையில் ஆசை முந்தி அறுமாம், கோபம் முந்தி அறுமாம், ‘நான்’ என்ற செருக்குக் கடைசியில்தான் அறுமாம். உரும்பிராயில் அதற்குப் பிறகும் கொஞ்சக்காலம் இருக்கும். விருந்தினர் ஊருக்கு வந்தும் எங்கள் வீட்டுப் படலைக்கு வரவில்லை. என் கணவரும் போய்ப் பார்க்கவில்லை.

விருந்தினர் ஏதோ சொல்கிறார். ஒலிவாங்கி என்னிடம் இருப்பதால் நானே சொல்லிவிடுகிறேன். “கண்டிருந்தால் சொல்லியிருப்பன் ரீச்சர். விசாவும் இல்லாமல் சாப்பாட்டுக்கடைக் குசினியளிலை கோப்பை கழுவினன். விடுதலை எண்டு சொல்ல அங்கை ஒண்டையும் காணேல்லை. என்னெண்டு சொல்லுறது?”

என் கணவர் எழுந்து நிற்கிறார். “அதையெண்டாலும் சொல்லியிருக்கலாமடா. நீ செத்துப்போனாய் எண்டெல்லோ நான் இருந்தனான்.”

அன்பர்களே, கண்டவன்தான் வரவேண்டுமா? காணாமல் களைத்தவன் வரக்கூடாதா? காணவில்லை என்று சொல்லவாவது ஒருவன் ஓடிவந்தால் போதாதா?

விருந்தினர் மேடைப் படியிறங்கி என் கணவரிடம் ஓடுகிறார், வழி விடுங்கள். தலைவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம். என் பேச்சில் பாதி இன்னும் கையில் இருக்கிறது, இருக்கட்டும். உபதிஸ்ஸனும் பாதிப் பாட்டோடுதான் ஓடினான். பொறுத்திருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.