நன்றிக்குப் பிறகும் கேட்டவருக்கு

காஞ்சிபுரம் ‘அயலூர்த் துணை’ இணையக் களத்தின் பதிவுப் பிரிவிலிருந்து பணி ஓய்வு பெறும் திருமதி தையல்நாயகி அவர்களுக்கு, உடன் பணியாற்றுவோர் அன்புடன் படித்தளிக்கும் மடல்

பட்டணம் போனாலும் பாலைவனம் போனாலும் பிறந்த ஊரை மறவாத பிள்ளைகளின் பதற்றங்களைப் பதிவு பதிவாய்ப் படித்துப் பகுத்தவரே! அள்ளி இறைத்தாற்போல் வந்து விழுந்த கேள்விகளை அலுக்காமல் ஆராய்ந்து, எந்த ஊர், எந்த நாடு, என்ன இடர், யாரால் உதவ முடியும் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சொல் இட்டு, உரியவர் கண்ணில் உரிய வேளையில் படவைத்த உத்தமியே! காந்தி ரோட்டு மாடி அறையில் மின்விசிறி நின்றுபோன கோடையிலும் முகம் சுளிக்காத எங்கள் அம்மையே! வணக்கம்.

மடல் என்றால் குறையே இல்லாதவர்போல எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டுவது வழக்கம். அப்படி எழுதினால் தாங்களே எழுந்து பாதியில் நிறுத்தச் சொல்வீர்கள். ஆகவே, தாங்கள் ஒருநாளும் ஒளிக்காத ஒன்றையே, இன்று நம்மோடு பணியாற்றும் தம்பி விக்ரமின் கதையையே, அவன் இசைவோடு இங்கே படிக்கிறோம்.

களம் தொடங்கிய காலத்தில், ‘நிலை’ என்னும் அடையாளத்துக்குத் தாங்கள் ஒரு விதி வகுத்தீர்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டால் அந்தப் பதிவு ‘முடிந்தது’. எளிய விதி, வேகமான விதி. மாத ஆய்வில் முடிந்தவற்றின் பங்கு மளமளவென்று ஏறியது. செயலாளர் ராமராஜன் ஐயா அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்.

அந்த நாள்களில் விக்ரம் வளைகுடாவில் ஒரு கட்டட வேலையில் இருந்தான். செவிலிமேட்டில் அவன் அப்பா சிட்டிபாபு, டவுன் பஸ் ஓட்டுநர்; ஏறுகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கிண்டலடிக்கும் வெண்கலக் குரல்காரர். அவருக்கு முதல் முறை பக்கவாதம் தாக்கியபோது, சிமெண்டு அரித்த விரல்களால் தட்ட முடியாமல், விக்ரம் கைப்பேசியிடம் வாயால் சொல்லியே நம் களத்தில் பதிவிட்டான்.

“அண்ணா வணக்கம் நான் செவிலிமேடு விக்ரம் எங்க அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு பேச்சு கொழறுது எப்படா வரேன்னு கேட்டுக்கினே இருக்காரு கம்பெனில பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டேன்றாங்க யார கேக்கணும் சொல்லுங்கண்ணா”

யாரோ ஒரு நல்லவர் பதில் போட்டார்: “மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள் தம்பி.” மேனேஜரிடம் பலமுறை கேட்டு, அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகுதான் விக்ரம் களத்துக்கே வந்திருந்தான். இருந்தாலும், மெனக்கெட்டுப் பதில் சொன்ன மனிதரிடம் அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. “சரிங்கண்ணா கேட்டுப் பாக்கறேன் ரொம்ப நன்றிங்கண்ணா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்தப் பதிவுக்கு ‘முடிந்தது’ என்ற அடையாளத்தைத் தாங்களே இட்டீர்கள். அதற்குப்பின் அது யார் கண்ணிலும் படவில்லை.

எப்படியோ விடுப்பு வாங்கி அவன் ஊர் வந்து சேர்வதற்குள், இரண்டாம் முறை தாக்கிய பக்கவாதம் சிட்டிபாபுவின் பேச்சை முழுதாகக் கொண்டுபோயிருந்தது. எப்படா வரே என்று கேட்டவரிடம் “வந்துட்டேம்பா” என்று இவன் சொன்னபோது, பதில் சொல்ல அவரிடம் குரல் இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு மருத்துவர் கிடைப்பாரா என்று விக்ரம் மறுபடியும் களத்தில் கேட்டான். அந்தப் பதிவுக்கு அடையாளம் இடும்போது, அதே பெயரில் கீழே கிடந்த பழைய பதிவைத் தாங்கள் பார்த்தீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தீர்கள். கணினியை அப்படியே விட்டுவிட்டு, செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறினீர்கள்.

“பதிலே கிடைக்கலையேபா. அப்புறம் எதுக்கு நன்றின்னு போட்ட?” என்று கேட்டீர்கள்.

“என்னாமா பண்றது? பாவம், அவரு தெரிஞ்சத சொன்னாரு. இதுல ஒண்ணும் பிரயோஜனம் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா?” என்றான் விக்ரம்.

அவன் அம்மா பொன்னி மோர் கொண்டுவந்து வைத்தார். “எங்க வூட்டாளுங்களே இப்டிதாமா. எலைல போதும்னு கைய வச்சி மறைச்சா, இன்னொரு கரண்டி போடுன்னு அர்த்தம். உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியல போலக்கீது.”

“கம்ப்யூட்டர் இல்லமா. நான்தான் போட்டேன்.”

கட்டிலில் இருந்த சிட்டிபாபு, நல்லபடி இருந்த இடது கையால் மோர் டம்ளரைத் தங்கள் பக்கமாக மெல்லத் தள்ளினார். அந்த மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்ததாகத் தாங்களே எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

மறுநாள் பிறந்தது ‘நன்றிக்குப் பின்’ என்னும் புதிய அடையாளம். அதற்கு இரண்டே நிலைகள்: ‘கிடைத்தது’, ‘விட்டுவிட்டார்’. நன்றி சொன்ன ஒவ்வொருவரையும் நாம் அழைத்து, “கிடைச்சுதா?” என்று கேட்ட பிறகே பதிவை மூட வேண்டும். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு மனசுக்குள் கைவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று.

“நல்லா இருந்த சதவீதத்த இப்டி படுக்கவச்சுட்டீங்களேமா!” என்று பதறினார் ராமராஜன் ஐயா.

“சதவீதம் மட்டுந்தான் சார் நல்லா இருந்துச்சு” என்றீர்கள். சுவரில் இருந்த வரைபடத்தை அவரே கிழித்தார். இன்று இந்த மேடையில் அவர் சிரித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

பிறகு விக்ரமையே வேலைக்கு அழைத்தீர்கள். வெளியூரில் கிடந்து தவித்தவன் காதுக்கு, எதிர்முனையில் வரும் “பரவால்லங்க” எது உண்மை, எது விம்மல் என்று சட்டென்று பிடிபட்டது. அப்பாவிடம் கேட்க முடியாமல் போனதை எல்லாம் ஊர் ஊராய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நாங்கள் அவனைக் கேலி செய்வதுண்டு. அவன் அதை மறுத்ததில்லை.

ஆனால் பழைய விதியால் மூடப்பட்டவை இருக்கின்றனவே, அவைதாம் தங்களை உறங்கவிடவில்லை. கடைசி ஓராண்டாக அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, எண்ணைத் தேடி அழைத்துக்கொண்டிருந்தீர்கள். சிலர் அழுதார்கள், சிலர் வைதார்கள், பலரைக் காணவில்லை. எல்லாவற்றையும் முடிக்காமல் தாங்கள் எழுந்து போக நேர்ந்ததே என்பதுதான் எங்கள் ஆறாத வருத்தம்.

நேற்று மாலையும் அப்படி மூடப்பட்ட பதிவொன்றிலிருந்த மாகறல்காரர் ஒருவரின் எண்ணை விடாமல் அடித்துப் பார்த்தீர்கள்.

“இன்னும் ஒரு வாட்டி போட்டுப் பாரேன் விக்ரம்.”

“அந்த நம்பரு இப்ப வேற யார்கிட்டயோ இருக்குதுமா. வடக்கத்திக்காரரு எடுக்குறாரு.”

“அப்படியா. சரி, பரவால்லபா” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டீர்கள்.

விக்ரமுக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லுக்கு என்ன அடையாளம் இடவேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? தாங்கள் படியிறங்கிய பிறகு அந்த மாகறல் பதிவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். இன்று காலை நாங்கள் வந்து பார்த்தபோது, தாங்கள் திறந்துவைத்துவிட்டுப் போன பதிவுகளை நம் பிரிவின் தேவிப்ரியாவும் வேல்முருகனும் ஏற்கெனவே பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்னையே! நோயின்றி, நோவின்றி, பேரப்பிள்ளைகளின் இரைச்சலும் பிற்பகல் உறக்கமும் நிறைந்து, தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். இத்தகைய மடல்களின் முடிவில் வழக்கமாக வரும் அந்த ஒரு சொல்லை மட்டும் நாங்கள் சொல்லப்போவதில்லை. சொன்னால் பதிவை மூடிவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக, நாளை மாலை தங்களுக்கு ஓர் அழைப்பு வரும். விக்ரம்தான் பேசுவான். கொஞ்சம் ஓய்வு கிடைச்சுதாமா என்று கேட்பான். பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் நாற்காலியை இன்னும் நகர்த்தாத
பதிவுப் பிரிவினர்

ஊர்: காஞ்சிபுரம்
யாருக்கு: தையல்நாயகி அம்மாவுக்கு
நிலை: முடியவில்லை