பின்கதவிலும் பொலிஸ்

எண்பதுகளில் ஒரு மாசி மாதம். சூரிச் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தார் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இளையவர் யூதர்களின் மண்டபமொன்றில் கோப்பை கழுவுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பொலிஸ் என்னைப் பிடிக்க வரேல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் அண்ணை, எனக்குப் பயம் கூடினது.”

“என்னடாப்பா சொல்லுறாய்?”

“நேற்று அவையளின்ர பூரிம் கொண்டாட்டம். பழைய காலத்தில அவையளைக் கொல்லப் பாத்த ஒரு மந்திரியின்ர பேரை வாசிக்கேக்க, பிள்ளையள் கிலுகிலுப்பை சுத்திச் சத்தம் போடுவினம். ஒரே சிரிப்பு. வாசலைப் பாத்தன், துவக்கோட பொலிஸ். என்னை நாட்டுக்குத் திருப்பி அனுப்பத்தான் வந்திட்டாங்கள் எண்டு பின்கதவால ஓடினன். அங்கையும் ரெண்டு பேர்.”

“ஐயோ! பிறகு?”

“மண்டபத்துப் பெரியவர் வந்து கையைப் பிடிச்சார். ‘உனக்காக இல்லை, எங்களைக் காக்க நிக்கினம். ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் நிப்பினம்’ எண்டார்.”

“அவையள் இந்த ஊர்ச் சனம்தானே?”

“ஓம். பாட்டன் காலத்திலயிருந்து இஞ்சதான். சுவிஸ் சிவப்புப் பாஸ்போட்டும் இருக்கு.”

நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. இறங்கவில்லை. கதவு மூடியபின் இளையவர் மெதுவாகச் சொன்னார்:

“இஞ்ச இருக்கப் பெர்மிட் கிடைச்சால் பயம் போயிடும் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்.”