காந்தம் வைக்காத பிக்காசு

பிக்காசு வாங்குகிறவர்கள் முதலில் தலையைத்தான் பார்க்கிறார்கள். காம்பைப் பார்க்க வேண்டும், ஐயா. காம்பு முட்டை வடிவில் இருந்தால்தான் வேர்த்த கையிலும் திரும்பாது.

குவின்யாய் எந்தக் குழிக்குள் கிடக்கிறான் என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. அங்கேதான் வருகிறேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

அவன் என் தங்கை வொங்காயின் புருஷன். பழைய சுரங்க மேட்டில் நாங்கள் இருவரும் தங்கம் தேடுகிறோம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டரை நான் பிடிப்பேன், அவன் தோண்டுவான். பெண் கட்டியவன் பெண் வீட்டாருக்கு உடம்பால் உழைப்பது எங்கள் வழக்கம். நான் போட்ட சட்டமில்லை.

என் பிக்காசை லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி நானே அடித்தேன். ஒரு முனை உளி, மறு முனை ஊசி. தலையில் பழைய ஒலிபெருக்கியின் காந்தம். குழியில் கிடப்பது வெறும் ஆணியென்றால் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். மேற்கொண்டு தோண்ட வேண்டியதில்லை. போன மாதம் குவின்யாய் அந்தக் காந்தத்தைப் பெயர்த்து, வீட்டு ஃப்ரிட்ஜில் கல்யாணப் படத்தை ஒட்டிவைத்துவிட்டான்.

"என்னடா இது?" என்றேன்.

"மச்சான், காந்தம் இல்லாட்டியும் உங்க பிக்காசு கொத்தும். காந்தம் இல்லாம எங்க ஃபோட்டோ நிக்குமா? நீங்களும் ஒரு கல்யாணத்தப் பண்ணுங்க, அப்பத் தெரியும்."

வொங்காய் சிரித்தாள். சாப்பிட வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்ஸாக் களியை உருட்டிக் கீரையில் தொட்டுச் சாப்பிட்டு முடித்தேன். பெண் கொடுத்தவனிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இருந்தாலும் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் அல்ல.

மறு வாரம் அவனுக்கென்றே ஒரு பிக்காசு செய்தேன். கையை அளந்தபோது, "சட்டையா தைக்கப்போறீங்க மச்சான்? அப்டியே ஒரு பேன்ட்டும்" என்றான். குட்டைக் காம்பாகப் போட்டேன். குட்டைக் காம்புக்கு அகலக் குழி வேண்டாம்; ஆள் நுழைகிற அளவு போதும், நேராகக் கீழே போகலாம். முனையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கல்லில் பட்டால் பொடிப்பொடியாக உதிரும். நான் காட்டவில்லை. காந்தமும் வைக்கவில்லை. வேண்டாம் என்று அவன்தானே சொன்னான்.

இன்று காலை டிடெக்டர் ஒரு துருப்பிடித்த ஆணிக்குக் கத்தியது. அவன் கொத்தினான். ஆணி மண்ணோடு மேலே வந்துவிட்டது. பிக்காசு முனையிலிருந்து உதிர்ந்த சில்லுகள் அடியில் தங்கின; ஒட்டி எடுக்கக் காந்தம் இல்லையே. டிடெக்டரின் வட்டைக் குழிக்குள் இறக்கினேன், மறுபடி கத்தியது. நான் பொய் சொல்லவில்லை. ஹெட்போனை அவன் காதிலேயே மாட்டிவிட்டேன்.

"மச்சான், இன்னும் கீழ இருக்கு! பெரிய கட்டி!"

"தோண்டு" என்றேன்.

தன் பிக்காசின் தூளைத் துரத்திக்கொண்டு இடுப்பளவு போனான், மார்பளவு போனான். அது சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், ஐயா, பிடிப்பு கிடையாது. தலை மறைந்த பிறகு ஒரு பக்கம் சரிந்தது. மாவு மூட்டை சாய்கிற சத்தம்தான். குழிக்குள் முகம் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

"மச்சான், மிஷின வச்சிட்டுக் கையக் குடுங்க."

மிஷினில் மண் பட்டால் கெட்டுவிடும். துடைத்துப் பையில் போட்டேன். பிறகு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மேட்டில் முந்நூறு குழிகள் இருக்கும். தெற்கு ஓரம், மொப்பானி மரத்துக்குக் கீழே மூன்றாவது. நான் வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு மூச்சு இருந்திருக்கும். "எந்தக் குழி, எந்தக் குழி" என்று நீங்கள் நடுவில் நடுவில் குறுக்கிடாமல் இருந்திருந்தால், இந்நேரம் அவனைத் தூக்கியிருக்கலாம். வொங்காயிடம் உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.