மேசைக்குப் பின்னால் இருந்த புத்தகம்

"அந்தப் புத்தகம் என் முதுகுக்குப் பின்னாடியேதான் இருந்துச்சு தம்பி."

மரக்காணத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாள் சொன்னார். மாதா கோயிலின் பங்கு நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர். அவர் பக்கத்தில் இருந்தவர் அந்த நூலகத்துக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"உப்பள வெயில்ல கண்ணு கெடாம பாத்துக்கறதைப் பத்தின புத்தகமா, டீச்சர்?"

"அதேதான். அம்மா உப்பு வாரப் போறாங்களேன்னு நம்ம பங்குப் பொண்ணு ஒண்ணு நாலு தரம் நூலகக் கம்ப்யூட்டர்ல தேடியிருக்குது. நாலு தரமும் இல்லைன்னே வந்திருக்குது. நேத்து பூசை முடிஞ்சு சொல்லுது, அம்மாவுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியலையாம்."

வெப்சைட் செய்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தேடற வசதியை வெளிக் கம்பெனிகிட்ட விட்டிருந்தா, புதுசா வர்ற புத்தகத்தை அவங்களே சேத்திருப்பாங்க. அதுல விளம்பரம் வரும், வேண்டாம், நாமளே நடத்தலாம்னு நான்தான் சொன்னேன். ஆறு மாசமா புதுப் புத்தகம் எதையும் நான் பட்டியல்ல சேக்கல, டீச்சர்."

ஜன்னலில் உப்புக் குவியல்கள் போய்க்கொண்டிருந்தன.

"உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அந்தப் பொண்ணு."

"எப்படிக் கேக்கும்? புத்தகம் இருக்கான்னு என்னைக் கேக்காதீங்க, கம்ப்யூட்டர்ல தேடுங்கன்னு நான்தானே மேசையில எழுதி ஒட்டினேன்."