அழிக்காமல் வைத்த நம்பர்

மழையில் ஊறிய மண்மூட்டையின் வாடை எங்கே வந்தாலும், சண்டைக் காலத்தில் செங்கலடி பஸ்ஸை விட்டிறங்கி இராணுவச் சோதனைச் சாவடிக்கு நடந்த ஒரு காலைதான் நினைவில் எழுகிறது. வரிசையில் எனக்கு முன்னே, கணினி திருத்துகிற ஒருவர் கணினிப் பெட்டியொன்றைத் தோளில் சுமந்து நின்றார். பக்கத்தில் அதன் சொந்தக்காரி.

“அக்கா, இது ரெண்டு நெட்வேர்க் நம்பரோட ஓடுது. வவுணதீவுக் கடையில போட்ட பழைய நம்பரையும் விட்டு வெச்சிரிக்கீங்க. இடம்பெயர்ந்து வந்து இப்ப நடத்துற கடையில அதே நம்பர் வேற மெசினுக்கு இரிக்கு. ரெண்டும் முட்டுப்படுறதாலதான் லைன் அறுகுது.”

“நான்தான் அழிக்க வேணாமெண்டன். ஊருக்குத் திரும்பினா, வயரக் கொழுவின உடனே வேல செய்யட்டுமெண்டு.”

“எப்ப? பெட்டி கறள் பிடிச்சு இத்துப்போன பிறகா?”

அவள் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். அவர் தொடர்ந்தார்.

“கட்டார்ல இரிந்து அத்தான் நெட்டுல கதைக்கக்குள்ள லைன் அறுந்தா, இங்க ஷெல் விழுந்திட்டெண்டு அவர் பதறுறாரெண்டு நீங்கதானே சொன்னீங்க?”

வரிசை நகர்ந்தது. சிப்பாய் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமும் பிரித்துவிட்டான்.

“அழிச்சிடு தம்பி,” என்றாள், விலகிப் போகையில். “ஊருக்குப் போற அண்டைக்கு நீதான் வந்து திரும்பப் போட்டுத் தரணும்.”

“வாறன் அக்கா.”