வெல்டன்பேர்க்கிலை ஒரு கலியாணம்

ஒஹாயோவோ? மெய்யாவோ தம்பி? ஒஹாயோவிலை எவ்விடம்? கொலம்பஸோ! அப்ப எங்கடை வெல்டன்பேர்க் உங்களுக்குக் கிட்டத்தானே. காரிலை ஒண்டேகால் மணித்தியாலம். கிழக்குப் பக்கம் போற பெரிய ரோட்டைப் பிடிச்சுப் போனால் தூரத்திலையே தண்ணித்தாங்கி தெரியும். அதைக் கண்டவுடனை வலக்கைப் பக்கம் இறங்கோணும். இடக்கைப் பக்கம் இறங்கிப்போடாதையுங்கோ, அது மறியல்வீட்டுக்கு, உங்கடை சிறைச்சாலைக்கு, போற பாதை.

நானோ? நான் ஒருநாளும் போகேல்லை. சிரிக்காதையுங்கோ. பதினாலு வருசமா அந்த ஊரைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். காலமை பிராங்பேர்ட்டிலை விசா வரிசையிலை நீங்கள் எனக்கு முன்னாலை நிக்கேக்கையே தமிழ்ப்பிள்ளை எண்டு தெரிஞ்சுது, கோகுல் எண்டு கூப்பிட்டதும் கேட்டுது. அங்கை கதைக்க ஒரு பயம். இப்ப பாருங்கோ, அதே ரெயினிலை எதிர்ச் சீட்டு. நான் விமலநாதன். எசனிலை இறங்குவன். என்ரை தமிழ் விளங்குதோ? விளங்காட்டிக் கேளுங்கோ, இந்தியாப் பிள்ளையளுக்கு எங்கடை கதை கொஞ்சம் வில்லங்கம்தான்.

என்ரை அண்ணை அங்கை இருக்கிறார். அண்ணியும், ரஞ்சினி எண்டு பேர், ஆதிரை எண்டு ஒரு பிள்ளையும். ஊர் வாசலிலை பெற்றோல் செட்டும் அதோடை ஒட்டி ஒரு கடையும் வைச்சிருக்கினம். வாற ஓகஸ்ட் முப்பதாந் தேதி ஆதிரைக்குக் கலியாணம். அதுக்குப் போகத்தான் இண்டைக்கு எனக்கு விசாத் தேர்மின், கேள்வி கேக்க நேரம் குறிச்சுத் தாறது. உங்களுக்குச் சரிவந்திட்டுதெல்லே? பாஸ்போட்டை அவை வைச்சுக்கொண்டால் சரிதான், தபாலிலை வரும். எனக்கு அந்த இடத்திலையே கையிலை திருப்பித் தந்திட்டினம். தந்தால் இல்லையெண்டு அர்த்தம். சரி, அது கிடக்கட்டும். ஊரைச் சொல்லுறன் கேளுங்கோ, போற பிள்ளைக்கு உதவும்.

முதல் அங்கை ஒண்டுமில்லை. வெல்டன் எண்டு ஒரு தோணிக்காரன், ஆத்துக்கு அங்காலை இங்காலை ஆக்களைக் கடத்தி விட்டுக்கொண்டு இருந்தவன். பிறகு பாலம் வந்துது, ரெயில் வந்துது. பிறகொரு நாள் நிலத்துக்கு அடியிலை காஸ் இருக்கெண்டு கண்டுபிடிச்சினம். காஸ் சும்மா கிடைச்சால் என்ன செய்வினம்? கண்ணாடி உருக்கலாம். பால் போத்தில், மருந்துப் போத்தில், ஊறுகாய் போடுற சாடி எல்லாம் செய்தவை. கண்ணாடி ஊத ஆர் போனது தெரியுமோ? இஞ்சையிருந்து போன ஜேர்மன்காரர்தான்! கப்பலாலை இறங்கிப் பேரைச் சொன்னவை, எழுதினவன் பிழையா எழுதினாலும் ஓமெண்டு தலையாட்டிப்போட்டுப் போய் வேலை செய்தவை. விசாவுமில்லை, தேர்மினுமில்லை. ஆதிரை கட்டப்போற பெடியன்ரை பூட்டனும் உப்பிடிப் போன ஆள்தான். நல்ல பெடியன் எண்டு அண்ணி சொல்லுறா. ஆஸ்பத்திரியிலை எக்ஸ்றே எடுக்கிற வேலை.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூண்டிலை பெரிய வெள்ளம். பாலம் போச்சு, தொழிற்சாலை பாதி போச்சு. திரும்பக் கட்டினவை. நல்லா இருந்த காலத்திலை இருபத்தோராயிரம் சனம். இப்ப ஒன்பதாயிரத்துச் சொச்சம். பிளாஸ்ரிக் வந்தாப்போலை ஆருக்குக் கண்ணாடிப் போத்தில்? ரெண்டாயிரத்து ரெண்டிலை கடைசி உலையும் அணைஞ்சுது. எங்கடை எசனிலையும் சுரங்கத்தை மூடினவை எண்டாலும் இது பெரிய நகரம், தாங்கும். அது சின்ன ஊர் தம்பி, ஒரு கடை பூட்டினால் பக்கத்துக் கடையும் பூட்டுது. இப்ப அங்கை வேலையெண்டால் ஆஸ்பத்திரி, இல்லாட்டி மறியல்வீடு. ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்துப் பந்தடியெண்டால் சனம் முழுக்க அங்கைதான். அண்ணி அண்டைக்கு முன்னூறு மட்டன் ரோல்ஸ் சுட்டுக் கொண்டுபோவா, அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். வெள்ளைக்காரர் கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சாப்பிடுவினமாம்.

எப்பிடித் தெரியுமோ? அந்த ஊரிலை கிழமைக்கொரு பேப்பர் வருது, அதை இன்ரநெட்டிலை போடுவினம். நான் பெரிய சமையல்கூடமொண்டிலை கோப்பை கழுவுற ஆள். வியாழக்கிழமை வேலை முடிய ரெலிபோன் கடைக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்து, இங்கிலீசு அகராதியை மடியிலை வைச்சுக்கொண்டு வாசிப்பன். ஆரின்ரை மாடு ரோட்டுக்கு வந்துது, எந்தச் சேர்ச்சிலை சாப்பாடு, எல்லாம் வாசிப்பன். பள்ளிக்கூடத்திலை கெட்டிக்காரப் பிள்ளையள் எண்டு பேர் போடேக்கை ஆதிரையின்ரை பேரும் வரும். இன்னாரின் மகள் ஆதிரை எண்டு அண்ணையின்ரை பேரோடை. நாலு முறை வந்தது. நாலையும் அச்செடுத்து வைச்சிருக்கிறன்.

ஓம், ரெலிபோனிலை கதைக்கிறவள். தைப்பொங்கலுக்கு, என்ரை பிறந்தநாளுக்கு. சித்தப்பா சுகமா இருக்கிறியளோ எண்டுவாள், கொஞ்சம் கொஞ்சம் தமிழ். நான் சாப்பிட்டியோ எண்டு கேப்பன். வேறை என்னத்தைக் கேக்கிறது? வாயிலை வராது.

கலியாணம் பழைய ரெயில் ஸ்ரேசனிலை. ரெயில் இப்ப அங்கை நிக்கிறேல்லை, திருத்தி மண்டபமாக்கி வைச்சிருக்கினம். காலமை ஐயர் வந்து தாலி கட்டுவிப்பார். பின்னேரம் மாப்பிள்ளை பகுதியின்ரை முறை. அவையின்ரை முறையிலை தகப்பன் மகளின்ரை கையைப் பிடிச்சு நடத்திக்கொண்டு வரோணுமாம். அண்ணை ரெண்டு கிழமையா வீட்டுக்குள்ளை நடந்து பழகிறாராம். முழங்கால் நோ அவருக்கு.

ஏன் தரேல்லை எண்டோ? பிழை சொல்ல ஏலாது தம்பி. விசாக் கந்தோரிலை கண்ணாடிக்கு அங்காலை இருந்த பிள்ளை மரியாதையாத்தான் கேட்டவ. இஞ்சை வீடு இருக்கோ? இல்லை. மனுசி? இல்லை. போனால் நீ திரும்பி வருவாய் எண்டதுக்கு இஞ்சை என்ன பிடிமானம்? ஒண்டுமில்லை. அண்ணையின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு ஒரு சித்தப்பன் போகாட்டி என்ன குறைஞ்சுபோகும் எண்டு அந்தப் பிள்ளை கேக்கேல்லை, ஆனால் முகத்திலை இருந்தது. நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்.

ஜேர்மன் பாஸ்போட் எடுத்தால் விசாவே தேவையில்லை, தெரியும். இருபத்திமூண்டு வருசம் இருந்தும் நான் அதுக்கு அன்ட்ராக், விண்ணப்பம், போடேல்லை. போட்டால் ஊரிலையிருந்து பத்திரமெல்லாம் எடுப்பிக்கச் சொல்லுவினம். ஒண்டைக் கிண்டப் போனால் ஒன்பது வெளியிலை வரும். எண்பத்தஞ்சிலை கிழக்கு பேர்லினாலை வந்து அகதியெண்டு அசூல் அடிச்சனான். ஏஜென்சிக்காரன் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் சொல்லித்தந்தவன். கலியாணம் கட்டேல்லை எண்டு சொல்லு. பெண்டில் பிள்ளையை விட்டிட்டு வந்தனெண்டு சொன்னால், அவை அங்கை இருக்கலாமெண்டால் உனக்கு மட்டும் என்ன உயிர்ப்பயம் எண்டு கேட்டுத் திருப்பி ஏத்திவிடுவாங்கள் எண்டு. நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னன். ஒருக்கா எழுதினது எழுதினதுதான். ஒவ்வொரு பேப்பரிலையும் அதுதான் நிக்குது.

டூயிஸ்பேர்க் தாண்டுது. இனி எசன் தான். தம்பி, ஒரு உதவி. ஓகஸ்ட் முப்பதிலை நீங்கள் அங்கை நிப்பியள்தானே. சனிக்கிழமை. நான் அண்ணைக்குச் சொல்லிவிடுறன், எங்கடை சாப்பாடும் இருக்கும், ஒருக்காப் போய்ப் பாருங்கோ. பார்த்திட்டு எனக்கொரு ரெலிபோன். அவள் என்ன நிறம் உடுத்தவள், தாயின்ரை சாயல் தெரியுதோ... இல்லை, உங்களுக்கு அந்த மனுசியைத் தெரியாதே. ரஞ்சினி அண்ணி இல்லை. இவள் வேறை. எண்பத்தேழிலை ஷெல் விழுந்து செத்தவள். பிள்ளைக்கு அப்ப மூண்டு வயசு.

ஆரெண்டு கேட்டால் சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச பெடியன் எண்டு சொல்லுங்கோ. தகப்பன் அனுப்பினவர் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதையுங்கோ. அவளுக்குத் தெரியாது. அண்ணைக்குப் பிள்ளையில்லை, எனக்குக் கூப்பிட வழியில்லை. அண்ணியின்ரை தமையன் அவையை அமெரிக்காவுக்கு எடுக்கேக்கை, எங்கடை பிள்ளையெண்டு பதிஞ்சு கொண்டுபோகட்டோ எண்டு அண்ணை ரெலிபோனிலை கேட்டார். ஓம் எண்டன். இப்ப நான் உண்மையைச் சொல்லப்போனால் அவளின்ரை பிறப்புப் பத்திரமே பொய்யெண்டு வரும். அண்ணை மாட்டுவார். கலியாண வீட்டிலை நிக்கிற பிள்ளையின்ரை குடியுரிமையே கேள்வியாகும். அதை நான் செய்வனோ? செய்யமாட்டன். என்னாலை ஒண்டும் செய்யேலாது தம்பி.

இந்த நம்பரை எழுதுங்கோ. எழுதிட்டியளோ? அந்தப் பக்கம் கதவு திறக்கும், நான் வாறன்.

இல்லை தம்பி, அழேல்லை. காலமை அந்த விசாக் கந்தோர்ப் பிள்ளை வலக்கையைத் தூக்கச் சொல்லிப்போட்டுக் கேட்டவ, உனக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு. தூக்கின கையோடை, இல்லை எண்டன். பெத்த பிள்ளையை இல்லையெண்டு சத்தியம் பண்ணியும் விசா தரேல்லை.