கன்னிமூலைக் குழாய்

பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்துக்கொள்வது நல்லது. தரையிலும் சுவரிலும் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியாகச் சத்தம் வந்தால் வாங்கலாம். பொள்ளலாக வந்தால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். விழுப்புரத்தில் நான்கு வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்றதில் நான் கற்ற முதல் பாடம் இது. இன்ஸ்பெக்டர் ஐயா, நாளைக்கு நீங்கள் வீடு வாங்கும்போதும் உதவும்.

இந்தத் தொழிலுக்குப் பயந்தவன் லாயக்கில்லை என்பது இரண்டாவது பாடம். அதைத் தாமதமாகத்தான் கற்றேன். சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம்.

ஐந்தாவது வீடு திண்டிவனத்தில். என் மனைவி கலைப்பிரியாவின் நகையெல்லாம் அதில் போயிருந்தது. வாங்கிய பிறகுதான் பின்கட்டு அறையில், பழைய பலகைகளுக்குக் கீழே, உறைக்கிணறு இருப்பது தெரிந்தது. அதுவும் சரியாகத் தென்மேற்கில், கன்னிமூலையில். அந்த மூலையில் கிணறு இருந்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாது என்று இந்தப் பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். எட்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. கடைசியில் புதுச்சேரியில் வேலை பார்க்கும் அரங்கநாதன் என்பவர் கேட்டு வந்தார். கிணறு உண்டா என்று போனிலேயே விசாரித்தார். அங்கே கிணறே இருந்ததில்லை என்றேன்.

விஷயம் வெளியே போகக் கூடாது என்பதால் பெரியதம்பி என்பவனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆட்களை அனுப்பிவிட்டேன். அவன் பெருமுக்கல் ஊர்க்காரன். நல்ல கொத்தனார், என்னிடம் ஆறு வருடம் வேலை செய்தவன்.

கிணற்றை மூட ஒரு முறை இருக்கிறது. கற்பூரம் காட்டி, கல் போட்டு மூடி, நடுவில் ஒரு குழாய் நிறுத்த வேண்டும். கிணறு மூச்சு விட வழி விடாமல் மூடினால், மூடியவனுடைய வம்சம் தங்காது என்பார்கள். என் பெண்ணுக்கு நான்கு வயது. அதனால் கடப்பைக் கல்லில் ஓட்டை போட்டு, நாலங்குலக் குழாயும் முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

உள்ளே ஒரு பழைய மோட்டார் கிடந்தது. இரும்பு வீணாகப் போவானேன் என்று நான்தான் சொன்னேன். வாளியில் விளக்கு வைத்து இறக்கிப் பார்த்தோம். முப்பதடிக்குக் கீழேயும் அணையவில்லை, காற்று நன்றாக இருந்தது. அடியில் சேறுதான். பெரியதம்பி இரும்புப் படியில் கால் வைத்து இறங்கினான். பாதிக்குக் கீழே ஒரு படி பெயர்ந்துகொண்டு வந்துவிட்டது.

"அண்ணா, இடுப்பு அசைய மாட்டேங்குது. யாரையாச்சும் கூப்புடுங்கண்ணா."

"இருடா, ஜல்தியா ஆளக் கூட்டிக்கினு வர்றேன்" என்றேன்.

அப்போது மணி மூன்று. நான்கு மணிக்கு அரங்கநாதன் வாஸ்து பார்ப்பவரோடு வருவதாக இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தால் தெருவே கூடும், கிணறு அரங்கநாதனுக்குத் தெரிந்துவிடும். பயந்துகொண்டேதான் கடப்பைக் கல்லைக் கிணற்றின் மேல் இழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

"இருட்டா இருக்குதுண்ணா" என்றான். குழாயைச் சொருகிவிட்டு, கல்லின் மேல் மணலைப் பரப்பினேன்.

அவர்கள் வந்தார்கள். குழாய்க்குள்ளிருந்து கல்லால் தட்டும் சத்தம் லேசாக வந்தது. கோணியால் அடைக்கலாமா என்று கை போனது. அடைக்கப் பயமாக இருந்தது. டைல்ஸ் வெட்டும் மெஷினைப் போட்டு, வேண்டாத துண்டுகளையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தேன். அது என்ன குழாய் என்று அவர்கள் கேட்டதற்கு, செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய், டேங்க் வேறு பக்கம் என்றேன். "ஓனரே எறங்கி வேல பாக்குறாரு பாருங்க" என்று அரங்கநாதன் மெச்சிக்கொண்டார். அன்றே முன்பணம் கொடுத்தார்.

அவர்கள் போனதும் திறந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். திறந்தால் அவன் வெளியே வந்து நடந்ததைச் சொல்வான். கெஞ்சிக் கேட்டால் சொல்லாமலும் இருந்திருப்பான், நல்லவன்தான். ஆனால் பயந்தவனுக்கு யார் மேலும் நம்பிக்கை வராது.

மறுநாள் காலை குழாயில் காது வைத்தேன். "தண்ணிண்ணா" என்றான். ஒரு பாட்டில் தண்ணீரைக் குழாய் வழியாக ஊற்றினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கான்கிரீட் போட்டேன். மாலையில் டைல்ஸ் ஒட்டினேன். குழாயைச் சுவருக்கு வெளியே ஆள் உயரத்தில் திருப்பி விட்டேன். முடித்துவிட்டு, வழக்கம்போல நாணயத்தால் தரையை மூன்று முறை தட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் கேட்டது. பதிலுக்கு, குழாய் வழியாக, மூன்று தட்டு வந்தது. அன்றிலிருந்து அந்த நாணயத்தை நான் தொடவில்லை.

மூன்றாம் நாள் சத்தம் இல்லை. சத்தம் கேட்டபோது பயந்ததைவிட அன்றைக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அவன் மனைவி வேணி தினமும் போன் செய்தாள். ஓசூரில் ஒரு வேலைக்கு அனுப்பியிருக்கிறேன், டவர் கிடைக்காது என்று சொல்லி வந்தேன். கிரயத்துக்கு முந்தின நாள், நான் ஜன்னலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது, நேராகத் திண்டிவனத்துக்கே வந்து நின்றாள். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டிக் கேட்டாள், அவளிடமும் செப்டிக் டேங்க் குழாய் என்றேன். வாஸ்து பார்ப்பவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. பத்து வருடம் சித்தாள் வேலை பார்த்தவள் அல்லவா.

"செப்டிக் டேங்கு முன்னாலல்ல கீது. இது கெணத்துக்கு வெக்கிற கொழாய்ண்ணா. கெணறு எங்க?"

நான் பிரஷைக் கீழே வைத்தேன். அவள் குழாயில் வாய் வைத்து "ஏங்க" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அடுத்த மூச்சை இழுத்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து எழுந்து நேராக உங்களிடம்தான் வந்தாள்.

தரையை உடைத்துப் பார்த்துவிட்டீர்கள். விழுந்த பிறகு இரண்டு நாளுக்கு மேல் அவன் உயிரோடு இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். காற்று இல்லாமல் அது நடந்திருக்குமா ஐயா? உயிரோடு இருப்பது தெரிந்தே மூடினேன், தெரிந்தே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள். என் பெண் வளர்ந்து என்றைக்காவது இதைப் படிப்பாள்.

அந்தக் குழாயை நான் வைத்தது பெரியதம்பிக்காகத்தான்.